பதினொன்றே கால் பஸ்

மாதேஸ்வரியின் ரத்தம் செவ்வாய்க்கிழமை.
கைக்குழந்தைக்கு ஊசி புதன்கிழமை.
மூத்தவன் தர்ஷித்தின் பல்
மாதத்தின் இரண்டாம் வெள்ளி,
அதுவும் தர்மபுரியிலிருந்து பல் டாக்டர் வந்தால்.
தூக்கம் வராததற்கு
எந்தக் கிழமையும் ஒதுக்கவில்லை.

நகைக்கடைப் பிளாஸ்டிக் பையை
என் மேசைமேல் கவிழ்த்தாள்.
நாலாக மடித்த சீட்டுகள், ஒரு ஸ்கேன் படம்,
ஓரம் எலி கடித்த தாய் சேய் அட்டை,
சத்து மாத்திரை மூன்று பட்டை,
ஒன்றுகூடப் பிதுக்காமல்.
எல்லாத் தாளிலும் அவள் இருந்தாள்.
ஒன்றில் எட்டுப் புள்ளி ஒன்று,
ஒன்றில் நாற்பத்திரண்டு கிலோ,
ஒன்றில் வெறும் தையல்.
பிள்ளை இன்னும் 'பேபி ஆஃப் மாதேஸ்வரி'.

என் வேலைக்குப் பெயர் ஒருங்கிணைப்பாளர்.
பென்னாகரம் ஆஸ்பத்திரியில்
மாடிப்படிக்குக் கீழே,
காலி சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி.
சேர்த்துக் கட்டச் சொன்னார்கள்,
கயிறு தரவில்லை.
தந்தது ஒரு பதிவேடு. பதினாறு கட்டம்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு',
அகலம் ஒரு விரல்.

மாத்திரை ஏன் போடலை என்று
நானும் கேட்டேன்,
அதுவரை எல்லோரும் கேட்ட அதே குரலில்.
குழந்தையின் காதைத் துடைத்தாள்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

சரி, காலையில எழுந்ததிலிருந்து சொல்லு, என்றேன்.

நாலரைக்குக் குழாயடி.
தர்ஷித் பல்லில் விழுந்த பழுப்புக் கோடு
அந்தத் தண்ணீரால்தான் என்றார்களாம் பள்ளிக்கூடத்தில்.
வேறு தண்ணீர் எது என்று யாரும் சொல்லவில்லை.
வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை,
சில மாதம் பணம் வரும், சில மாதம் குரல் மட்டும்.
மாத்திரை போட்டால் வயிறு கட்டிக்கொள்ளும்;
கட்டினால் காட்டுப் பக்கம் போய்
நெடுநேரம் உட்கார வேண்டும்,
இருட்டில் பிள்ளையை யாரிடம் விட?
ராத்திரி அது தூங்கிய பிறகும்
மூச்சு இருக்கா என்று
மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாளாம்.
மறுபடி. மறுபடி. சேவல் கூவும்வரை.

செவ்வாய் ஏன் வரலை? என்றேன்.
"வந்தேங்க்கா. மூணு செவ்வாயும் வந்தேன்."
ஏரியூரிலிருந்து அவள் பஸ்
இங்கே வந்து நிற்பது பதினொன்றே கால்.
ரத்தம் எடுக்கும் அறை
பதினொன்றுக்கு மூடும்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
என் கையெழுத்திலேயே, மூன்று முறை:
வரவில்லை.

அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது.

லேப் குணவேலுவிடம் அரை மணி நேரம் கேட்டேன்.
"ரூல் இல்லையேக்கா" என்றவன்
வியாழன் மட்டும் என்று இறங்கி வந்தான்.
ஊசி நர்ஸ் தில்ஷாத் புதனை வியாழனாக்கினாள்.
டாக்டர் மாத்திரையை மாற்றி
வயிறு இளகவும் ஒன்று எழுதித் தந்தார்.
கழிப்பறைக்கு மனு போட்டோம்.
அது வேறு கட்டிடம், வேறு பதிவேடு,
அங்கே யாருடைய நாற்காலி என்று இன்னும் தெரியாது.
பல் டாக்டர் வெள்ளியை விடவேயில்லை.
மனசுக்குப் பார்க்கிற அம்மா
மாவட்டத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள்.

வியாழன். பதினொன்றே கால்.
குணவேலு நரம்பைத் தேடினான், கிடைத்தது.
பிள்ளை ஊசிக்கு அழுது, ஓய்ந்தது.
மாவட்டத்து ஜீப் மட்டும் வரவில்லை.
போன் செய்தேன்: டீசல் இல்லையாம்.

"கொஞ்சம் வச்சிக்கிறீங்களாக்கா" என்று
பிள்ளையை நீட்டியவள்
சிலிண்டர் ஓரத்துப் பெஞ்சில் சாய்ந்தாள்.
அவ்வளவுதான்.
வார்டு பாய் டிராலியை உருட்டிப் போனான்,
பல்லி விழுந்தது, இரண்டு முறை கரண்ட் போனது.
அவள் அசையவில்லை.

மடியில் பிள்ளை. பால் வாசனை.
ரொம்ப நேரம் சத்தமே இல்லாததால்
மெல்ல
என் விரலை அதன் மூக்கருகே வைத்தேன்.
வந்தது, சூடாக.
இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தேன்.

பதினாறாவது கட்டத்தில்
இடதுகையால், கோணலாக எழுதினேன்:
ஐம்பது நிமிடம் தூங்கினாள்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு எழுப்ப வேண்டியிருந்தது.